எட்டு டயர்கள்

மூத்தவள் தன் காரைக் கட்டி முடிக்க ஐந்து வருஷம் ஆயிற்று. இளையவள் அதே மாதிரிக் காரை ஒரு சனிக்கிழமை காலை கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டாள்.

அதற்கு முன்பு இருவருக்கும் நடுவில் எந்த மனஸ்தாபமும் கிடையாது. ஒருத்தி அண்ணனைக் கட்டியவள், ஒருத்தி தம்பியைக் கட்டியவள். அடுத்தடுத்த தெருவில் வீடு. ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டில் ஒரு வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துச் சமையல் நடக்கும். ஓரகத்திகள் என்றால் முட்டிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்திருந்த உறவுக்காரர்கள் ஏமாந்து போனதில் மூத்தவளுக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டு.

மூத்தவள் எலும்பு மருத்துவமனையில் செயற்கைக் கால் செய்யும் பட்டறைக்குப் பொறுப்பாளர். கால் இழந்தவர்களுக்கு மிச்சமிருக்கும் பகுதியில் பிளாஸ்டர் அச்சு எடுத்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி கூடு வார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் நோயாளிக்குப் புண் வந்துவிடும். அந்தக் கையோடுதான் அவள் காரையும் கட்டினாள். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை வீட்டுக் கார் கொட்டகையில் பரப்பி வைத்து, விடுமுறை நாளெல்லாம் உட்கார்ந்து பூட்டினாள். இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் அலுமினியத் தகடு, மூக்குக்கு மட்டும் கண்ணாடி இழை, இரண்டே இருக்கை. கதவும் இல்லை, கூரையும் இல்லை. மொத்த எடை ஐந்நூற்று அறுபது கிலோ. நாலு பேர் பிடித்தால் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி வைத்துவிடலாம்.

முதன்முதலாக ஓட்டிப் பார்த்த அன்று கணவரைத்தான் கூப்பிட்டாள். கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் அவர், காற்றில் கண்ணாடி பறந்துவிடும் என்று கும்பிடு போட்டுவிட்டார். ஆகவே இளையவளை ஏற்றிக்கொண்டாள். இளையவள் நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். வழியெல்லாம் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே வந்தாள். ஒரு பூச்சி வாய்க்குள் போயிற்று. அதைத் துப்பிவிட்டு மறுபடி சிரித்தாள். இறங்கும்போது மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, இது வண்டியே இல்ல. வேற என்னமோ,” என்றாள்.

மூன்று மாதம் கழித்து அவள் வாசலில் ஒன்று நின்றது. அதே பச்சை நிறம்.

“உங்க கலர்லயே எடுத்துட்டேன் அக்கா. ஜோடியாப் போகலாம் இல்ல?”

“நல்லா இருக்கு,” என்றாள் மூத்தவள். சொன்னது ஒன்று, மனசில் வந்தது வேறொன்று. அன்றைக்கு அதற்குப் பெயர் வைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

அந்த ஊரில் இலேசான கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. நாற்பது பேர் இருப்பார்கள். ஞாயிறு காலையில் ஏரிக்கரைச் சாலையில் கூடி, வளைவுகளில் ஓட்டிவிட்டு, காப்பி குடித்துக் கலைவார்கள். அங்கே மூத்தவளுக்கு ‘டீச்சர்’ என்று பெயர். அவள் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. யாருடைய வண்டியிலாவது ஒரு போல்ட் தப்பாகப் பூட்டியிருந்தால் அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது, அவ்வளவுதான். ஆனாலும் எல்லோரும் அவள் காரைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். பற்றவைப்பைத் தடவிப் பார்த்து, “கையால பண்ணதா இது?” என்றார்கள். வாரம் முழுதுக்கும் அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இளையவள் வந்த பிறகு யாரும் குனியவில்லை. எல்லோரும் தலையை நிமிர்த்திச் சாலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் ஓட்டுவது அப்படி. பந்தயத் தளத்தில் மூன்று வாரம் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழும் வாங்கி வந்தாள். வளைவுக்குள் அவள் கார் வழுக்குவது போலத் தெரியும், வழுக்காது. சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற கண் மருத்துவர், அவளுக்கு ‘மீன்’ என்று பெயர் வைத்தார். ஒரு ஞாயிறு, மூன்றாவது வளைவில், அந்த மீன் டீச்சரை ஓரங்கட்டிவிட்டு முன்னால் போயிற்று. போகும்போது கையை ஆட்டியது.

ஐந்து வருஷம் திருகாணி திருகியது நான், பேர் வாங்குவது இவளா என்று மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம், “அவளுக்கு ஆயில் எங்க ஊத்தணும்னுகூடத் தெரியாது,” என்றாள்.

“உனக்கு நீந்தத் தெரியாதே,” என்றார் அவர், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த வருஷக் கடைசியில் புதிய டயர் விதி வந்தது. செயலாளர் அதை அச்செடுத்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். ஈரச் சாலையில் பிடிமானத்துக்கும், ஓடும்போது வரும் சத்தத்துக்கும் புதிய அளவுகள். அந்தச் சோதனையில் தேறி, பக்கவாட்டில் முத்திரை பதித்த டயர்களை மட்டும்தான் தை மாதம் முதல் விற்கலாம். ஏற்கெனவே வண்டியில் மாட்டியிருப்பவை தேயும்வரை ஓடலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல விதி. ஆனால் டயர் ரப்பர் கொஞ்சம் சூடானால்தான் சாலையைப் பிடிக்கும். கனமான கார் தன் எடையாலேயே டயரைச் சூடாக்கிவிடும். ஐந்நூற்று அறுபது கிலோ காருக்கு அந்த எடை இல்லை. அதற்கென்று மென்மையான ரப்பரில், பதின்மூன்று அங்குலச் சக்கரத்துக்கு, ஒரே ஒரு தொழிற்சாலைதான் டயர் செய்துவந்தது. வருஷத்துக்குச் சில நூறு விற்கும் சரக்குக்காகச் சோதனைச் செலவெல்லாம் கட்டுப்படியாகாது, நிறுத்திவிடுகிறோம் என்று அது கடிதம் எழுதிவிட்டது. அந்த அளவில் முத்திரையோடு கிடைக்கப்போவது சின்னச் சரக்கு வேன்களுக்கான கெட்டி டயர்தான். சோதனையில் அது தேறியது, ஒன்றேகால் டன் வண்டியில் மாட்டிப் பார்த்தபோது. இலேசான காரில் அது சூடே ஆகாது. மழையில் சோப்புக்கட்டி மாதிரி.

மூத்தவள் மறுநாளே வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு டயர்க் கடைக்குப் போனாள். கடைக்காரர் கிடங்கில் தேடிவிட்டு வந்து, “எட்டுதான் இருக்கு மேடம். ரெண்டு செட். இதோட முடிஞ்சுது,” என்றார்.

அவள் கேட்க வந்தது ஒரு செட். வாய் சொன்னது வேறு. “ரெண்டையும் குடுத்துடுங்க.”

“ரெண்டா? உங்க வண்டி எடைக்கு ஒரு செட்டே எட்டு வருஷம் ஓடுமே.”

“ஒரு சிநேகிதிக்கு வேணும்.”

சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. ஒரு செட்டை அங்கேயே வண்டியில் மாட்டிக்கொண்டாள். இன்னொன்றை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைப் பட்டறைக்குக் கொண்டுபோய், பழைய பிளாஸ்டர் அச்சுகள் வைக்கும் அறையில், கால்களின் வரிசைக்குப் பின்னால் அடுக்கி, துணி போட்டு மூடினாள். கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தபோது உடம்பு இலேசாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் மதியம் பசித்துச் சாப்பிட்டாள்.

அந்த ஞாயிறு இளையவள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள். “அக்கா, உங்களுக்கு டயர் கிடைச்சுதா?”

“ஒரு செட்தான் கிடைச்சுது. மாட்டிட்டேன்.”

“ஒண்ணுதான் இருந்துதா?”

“ஒண்ணுதான்.”

இளையவள் கையிலிருந்த தட்டை இன்னொரு முறை துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த தட்டு. “சரி அக்கா. நான் அந்த வேன் டயரையே போட்டுக்கறேன். என்னுது ஏற்கெனவே மொட்டையாயிடுச்சு. நான் ஓட்டற ஓட்டுக்கு எதுதான் தாங்கும்?”

இரண்டு மாதம் கழித்து, தூறல் விழுந்த ஒரு காலை, ஏரிக்கரையின் மூன்றாவது வளைவில் அவள் கார் வழுக்கிக் கல்தூணில் மூக்கை முட்டிக்கொண்டது. கொழுந்தன்தான் தொலைபேசியில் சொன்னான். “பயப்படாதீங்க அண்ணி, மணிக்கட்டு மட்டும் சுளுக்கு. வண்டி மூக்குதான் பிளந்துடுச்சு.”

கேட்டதும் மூத்தவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை அவள் நன்றாகப் பார்த்தாள். யாரோ கதவைத் தட்டாமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் வந்தது. இளையவளின் மணிக்கட்டு, தான் சொன்ன பொய், அந்தத் தூண் ஓரடி தள்ளி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம்.

அன்று சாயங்காலமே போய் உடைந்த மூக்கைக் கழற்றி எடுத்துவந்தாள். செயற்கைக் காலுக்குப் பயன்படுத்தும் அதே கண்ணாடி இழையும் பிசினும் வைத்து, நாலு நாள் உட்கார்ந்து ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசினாள். ஒட்டின இடம் எது என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. இளையவள் கட்டுப் போட்ட கையால் அதைத் தடவிப் பார்த்தாள்.

“உங்க கைக்கு என்ன வேணா குடுக்கலாம் அக்கா,” என்றாள்.

மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கருவிகளைப் பெட்டிக்குள் எடுத்து வைத்தாள். பட்டறையில் துணிக்கு அடியில் இருந்த டயர்களை அன்றைக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பாளே என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், கொடுத்தால் அவள் மறுபடி முன்னால் போவாள்.

விபத்துக்குப் பிறகு சங்கம் சும்மா இருக்கவில்லை. எழுநூறு கிலோவுக்குக் குறைந்த கார்களுக்கு விதிவிலக்குக் கேட்டு மனுப் போடுவது என்று முடிவாயிற்று. எழுதும் வேலை யார் தலையில் விழும்? டீச்சர் தலையில்தான். அவள் பதினான்கு பக்கம் எழுதினாள். எடை, வெப்பம், ரப்பர், எல்லாவற்றையும் கோடு போட்டு விளக்கினாள். கோபத்தில் எழுதியது போல ஒரு சொல்கூட அதில் இல்லை. வாகனத் துறையின் தொழில்நுட்ப அதிகாரி, குட்டை முடி வைத்த ஓர் அம்மாள், அதை முழுதும் படித்துவிட்டார். அதுவே அதிசயம். பதிலும் போட்டார். தாளில் எழுதினால் போதாது, எங்கள் சோதனைத் தளத்தில் காட்டுங்கள். தொழிற்சாலையில் செய்த கார் ஒன்று. வீட்டில் கட்டிய கார் ஆகாது. ஒரே ஓட்டுநர், பந்தயத் தளச் சான்றிதழ் உள்ளவர். முத்திரை டயர் ஒரு செட், பழைய மென் டயர் ஒரு செட். இரண்டும் இதுவரை ஓடாத புதியவையாக இருக்க வேண்டும்.

செயலாளர் காப்பிக் கடையில் எல்லோரையும் உட்காரவைத்துக் கடிதத்தை வாசித்தார். “காருக்கும் ஓட்டறதுக்கும் நம்ம மீன் இருக்கு,” என்றார். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். மூத்தவளும் தட்டினாள். “பிரச்சினை டயர்தான். புது மென் டயர் யார்கிட்டயாவது இருக்கா? ஒளிச்சு கிளிச்சு வெச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க, தப்பா நினைக்க மாட்டோம்.”

சிரிப்பு எழுந்தது. யாரும் கை தூக்கவில்லை. ஒருவர் வெளிநாட்டில் விசாரிப்பதாகச் சொன்னார். இன்னொருவர் தன்னிடம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது இருப்பதாகச் சொல்லி, அது ஆகாது என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டுக்கொண்டார். மூத்தவள் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது. எதிரில் இளையவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். எட்டு டயர், பட்டறை, துணி, பொய், எதையும் மிச்சம் வைக்கவில்லை. அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். அதை அவர் அபூர்வமாகத்தான் செய்வார்.

“இப்ப என்ன பண்ணப் போற?”

“குடுத்தா அவ காருக்குத்தான் போகும். அவதான் ஓட்டுவா. அவ பேர்தான் வரும். மனு எழுதினது நான், டயர் என்னுது. நான் ஓரமா உக்காந்து பார்க்கணும்.”

“குடுக்கலைன்னா?”

“குடுக்கலைன்னா யாருக்கும் டயர் இல்ல. எனக்கும்தான், இது தேய்ஞ்ச பிறகு.”

“அதுக்கு எட்டு வருஷம் இருக்கே,” என்றார் அவர்.

அந்த எட்டு வருஷத்தை அவள் நினைத்துப் பார்த்தாள். தான் மட்டும் ஏரிக்கரையில் ஓட்டுவது. மற்றவர்கள் வண்டியை விற்றுவிட்டுப் போயிருப்பார்கள். குனிந்து பார்க்கவும் ஆள் இருக்காது, ஓரங்கட்டிப் போகவும் ஆள் இருக்காது.

மறுநாள் இளையவளுக்குத் தொலைபேசியில் சொன்னாள். “டயர்க் கடைக்காரர் கிடங்கைச் சுத்தம் பண்ணும்போது ஒரு செட் கிடைச்சுதாம். விதி வர்றதுக்கு முந்தின பில்லுல இருக்கறதால சோதனைக்குக் குடுக்கலாமாம்.”

அந்தப் பக்கம் நீச்சல் குளத்தில் யாரோ விசில் ஊதியது கேட்டது.

“நல்லதாப் போச்சு அக்கா,” என்றாள் இளையவள்.

சோதனைத் தளம் ஊருக்கு வெளியே, நீளமான தட்டைத் தார்ப்பாதை. ஓரத்துக் குழாய்கள் தண்ணீரைச் சீராகப் பரப்பிக்கொண்டிருந்தன. ஒரு தகரக் கொட்டகையில் அளவுக் கருவிகளும், அதிகாரி அம்மாளும், செயலாளரும். முதலில் கெட்டி டயர். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக்கை அழுத்த வேண்டும். பத்து முறை. பத்திலும் கார் கொஞ்சம் கோணிக்கொண்டு போய் நின்றது. சராசரி நாற்பத்து மூன்று மீட்டர். அதிகாரி குறித்துக்கொண்டார்.

டயர் மாற்ற அரைமணி இடைவேளை. இளையவளுக்குச் சக்கரம் கழற்றத் தெரியாது. ஆகவே மூத்தவள்தான் ஜாக்கி வைத்தாள். இருவரும் காரின் மறுபக்கத்தில், மற்றவர்களுக்குக் கேட்காத தூரத்தில் இருந்தார்கள். இளையவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

“அக்கா, கடைக்காரர் எனக்கு அன்னிக்கே சொல்லிட்டார்.”

மூத்தவளின் கை நின்றது.

“நீங்க போன ஒரு மணி நேரத்துல நானும் போனேன். டீச்சர் மேடம் எட்டையும் எடுத்துட்டாங்கன்னார். ஒண்ணு சிநேகிதிக்காம்னு சொன்னார்.”

“அப்ப ஏன் கேட்கல?”

“கேட்டேனே. சமையலறையில. ஒண்ணுதான்னு சொன்னீங்க.”

மூத்தவளின் மடியில் இருந்த சக்கரம் சரிந்தது. இளையவள் அதைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“கோபம் இல்லையா உனக்கு?”

“இல்லாம? அந்த வளைவுல வழுக்கினப்ப உங்களைத்தான் திட்டினேன். சத்தமா. நல்ல வேளை, வண்டியில வேற யாரும் இல்ல. நீங்க மூக்கை ஒட்டிக் குடுத்தீங்களே, அப்பவும் கேட்டுடலாம்னு வாய் வரைக்கும் வந்துது.” அவள் கையிலிருந்த நட்டுகளை எண்ணுவது போல உருட்டினாள். “ஆனா ஒண்ணு சொல்லணும் அக்கா. அன்னிக்கு நான் ஏன் கடைக்குப் போனேன் தெரியுமா? ரெண்டு செட்டையும் எடுக்கத்தான்.”

“எனக்கு ஒண்ணு குடுத்திருப்பியா?”

இளையவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். “தெரியல அக்கா. என் வண்டிய யாரும் குனிஞ்சு பார்க்கறதில்ல. கடையில வாங்கினதுதானே. உங்ககிட்ட இருக்கறது எனக்கு எந்தக் கடையிலயும் கிடைக்காது. டயராவது என்கிட்ட மட்டும் இருக்கட்டும்னு நினைச்சிருக்கலாம்.”

மூத்தவள் சக்கரத்தை மாட்டி, நட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி முடுக்கினாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அதிலும் இவள் ஜெயித்த மாதிரி ஆகும் என்று தோன்றியது. பொய் சொன்னது மூத்தவள், ஆனால் எல்லாம் தெரிந்தும் கட்டுப் போட்ட கையோடு வாயை மூடிக்கொண்டு இருந்தது இளையவள். அந்தப் பொறுமை ஒன்றுதான் இனி பொறாமைப்பட மிச்சம் இருந்தது, அதையும் பட்டாயிற்று.

“பிரேக்கைக் கொஞ்சம் மெதுவா அழுத்து. இந்த டயர் சட்டுனு பிடிக்கும்,” என்றாள்.

“சரி அக்கா.”

மென் டயரில் சராசரி முப்பத்து நான்கு மீட்டர். ஒரு தடவை முப்பத்து மூன்றரையில் நின்றது. சத்தம் மட்டும் விதித்த அளவைவிட ஒரு டெசிபல் கூடுதல். அதிகாரி அம்மாள் கருவியைப் பார்த்து, காரைப் பார்த்து, மறுபடி கருவியைப் பார்த்தார். “ஒம்போது மீட்டர்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். செயலாளர் இளையவளைத் தோளில் தட்டினார். துறையின் புகைப்படக்காரர் அவளைக் காரோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்.

எல்லாம் முடிந்து கருவிகளை மூடும் நேரத்தில் மூத்தவள் கொட்டகைக்குப் போனாள். “மேடம், கணக்குல சேர்க்க வேண்டாம். நான் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா?”

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். “அந்தப் பதினாலு பக்கம் நீங்க எழுதினதுதானே? ஒரு தடவை. அறுபதுக்கு மேல வேண்டாம்.”

“எண்பது,” என்றாள் மூத்தவள்.

அம்மாள் வாய்க்குள் சிரித்துக்கொண்டு கருவியை மறுபடி திறந்தார்.

இளையவள் இறங்கி இடம் கொடுத்தாள். மூத்தவள் தன்னுடையதல்லாத காரில், தன்னுடைய டயரில், ஈரப் பாதையில் எண்பதைத் தொட்டுப் பிரேக்கை அழுத்தினாள். கார் நேராக நின்றது. இறங்காமலே எவ்வளவு என்று சைகையில் கேட்டாள். அதிகாரி ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டினார். முப்பத்தைந்து. சராசரியைவிட ஒரு மீட்டர் நீளம்.

“முதல் தடவைக்கு ரொம்ப நல்லாவே இருக்கு அக்கா,” என்றாள் இளையவள். அவள் மனதாரத்தான் சொன்னாள். அதனால்தான் இன்னும் எரிந்தது.

நாற்பது நாள் கழித்து உத்தரவு வந்தது. எழுநூறு கிலோவுக்குக் குறைந்த கார்களுக்கு மட்டும் மென் டயரை விற்கலாம். சத்த அளவில் இரண்டு டெசிபல் தளர்வு. மூன்று வருஷம் கழித்து மறுபரிசீலனை. தொழிற்சாலை வருஷத்துக்கு ஒரு முறை செய்து அனுப்ப ஒப்புக்கொண்டது. பத்திரிகையில் நாலாம் பக்கத்தில் செய்தி வந்தது, இளையவளின் படத்தோடு. மனு எழுதியவரைப் பற்றி ‘சங்கத்தினர்’ என்ற ஒரே சொல்தான் இருந்தது.

காப்பிக் கடையில் பாராட்டு நடந்தது. செயலாளர் மீனைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். பிறகு இளையவள் எழுந்தாள். “ஓட்டினது மட்டும்தான் நான். மனு அக்கா எழுதினது. டயரும் அக்காவோடதுதான். எனக்குன்னு எடுத்து வெச்சிருந்தாங்க,” என்றாள்.

சிநேகிதிக்கு என்று கடையில் சொன்ன பொய்யை அவள் எல்லோர் முன்னாலும் உண்மையாக்கி உட்கார்ந்தாள். கைதட்டல் கேட்டது. மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கணவர் மட்டும் மேஜைக்கு அடியில் அவள் கையை ஒரு முறை அழுத்தினார்.

அன்று வெளியே வந்தபோது இளையவள் கேட்டாள். “அந்தச் செட்டைக் கழற்றித் தந்துடட்டுமா? உங்களுதுதானே.”

“வேண்டாம். உன் வண்டியிலயே இருக்கட்டும்,” என்றாள் மூத்தவள். சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, ஆனால் சொல்லிவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் அனுமதி வாங்கிக்கொண்டு அவள் பந்தயத் தளத்துக்குப் போனாள். வீட்டில் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். அலுவலகத்தில் இருந்த பயிற்சியாளர் படிவத்தை நீட்டினார். பெயர், வயது, ரத்த வகை எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவள், எதற்காகப் பயிற்சி என்ற கேள்வியில் நின்றாள்.

“என்ன எழுதணும்?”

“பொதுவா எல்லாரும் பாதுகாப்புக்குன்னு எழுதுவாங்க மேடம்.”

அவள் ‘பாதுகாப்புக்கு’ என்று எழுதினாள். அவர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லது. போன வருஷம் உங்க ஊர்லேருந்து ஒரு நீச்சல் டீச்சர் வந்தாங்க. பிரமாதமா ஓட்டுவாங்க. அவங்களைத் தெரியுமா?” என்றார்.

“தெரியும்,” என்றாள் மூத்தவள். “அவங்க பத்து தடவை ஓட்டினா சராசரி எவ்வளவு வரும்னு எனக்குத் தெரியும். முதல் வகுப்பு எப்ப?”